படிக்காமல் போட்ட பின்னூட்டம்

12-8-2008, செவ்வாய்.

கவரைப்பேட்டை கம்ப்யூட்டர் சென்டரில் இன்றும் கூலிக்கு வலைப்பதிவுகளின் அடியில், "அருமை, தொடர்ந்து எழுதுங்கள்" என்று படிக்காமலே ஒட்டி, ஒரு மெத்தைக் கடையின் லிங்கைச் சேர்த்தேன். லிங்க் பெருகினால் நெட்டில் தேடும்போது அந்தக் கடை முதலில் வருமாம்.

நேற்று ஒட்டிய ஓரிடத்தில் பதில் வந்திருந்தது: "என் மகள் இறந்ததை எழுதியதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதால் நாளையும் எழுதுவேன், சகோதரி."

நான் ஒட்டிய பின்னூட்டத்தை அழிக்க முடியுமா என்று சென்டர்காரத் தம்பியிடம் கேட்டேன்.

"இன்னாக்கா, இதெல்லாம் போய் படிச்சிக்கினு இருக்கியா? லிங்க் நிக்குதில்ல, உடு."

உண்மையைச் சொன்னால் அந்தத் தாய் எழுதுவதை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் நாளையும் எனக்காக எழுதுவாள்.

ஜெபத்தில் அந்தப் பிள்ளையின் பேரைச் சொல்ல முழந்தாளிட்டேன். பேர் தெரியவில்லை. கர்த்தாவே, அந்தப் பதிவை நான் இன்னும் படிக்கவில்லை.