இரண்டரை கிலோமீட்டர் காடு

மண்டபத்தூர்
ஜூலை 8

அன்பு மகன் சசிதரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, படுத்து, எழுந்து நலமாகவே இருக்கிறோம். நியூசிலாந்துக் குளிரில் நீயும் தீபாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க நம்ம ஊர் மாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, கையைத் தலைக்கு மேலே தூக்கினால் மட்டும் சுரீர் என்கிறது, அதனால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துப் படி. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகெல்லாம் போய் வருகிறது. மாங்கனித் திருவிழாவில் உன் அம்மா கூட்டத்துக்குள் புகுந்து, இறைத்த மாம்பழத்தில் நாலு பிடித்து வந்தாள், அதில் இரண்டு நசுங்கல். உன் மாமன் மகன் மணிபாரதி இருபத்தொரு கியர் சைக்கிள் ஒன்று வாங்கி காரைக்கால் பீச் ரோட்டில் காலையில் ஓட்டுகிறான், ஓட்டுவது பத்து நிமிஷம், போட்டோ எடுத்துக்கொள்வது அரை மணி நேரம், உனக்கும் அனுப்பியிருப்பான். போன வாரம் நீ போனில் சொன்ன விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். நான் அங்கே வந்திருந்தபோது எனக்குச் சைக்கிள் எடுத்துக் கொடுத்த அஜ்மீர் மேல் நீ கொடுத்த புகாரை அந்த வாடகை சைக்கிள் கடைக்காரர் இருபத்தாறாம் தேதி விசாரிக்கப் போகிறார், வேலை போனால் அவனுக்கு விசாவும் போய்விடும், வயசான மனுஷனுக்கு பிரேக் பிடிக்காத சைக்கிளைக் கொடுத்தவனுக்கு நல்லா வேணும் என்று சொன்னாய். நான் ம் ம் என்று கேட்டுக்கொண்டு போனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

முதலில் நீ என்னைச் சைக்கிள் ஓட்டக் கூட்டிப் போன அந்தக் காட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நாலு மாதமாக வயிற்றில் கிடக்கிறது. அதைக் காடு என்று நீ சொன்னபோதே எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அத்தனையும் நட்ட மரம், வரிசை பிசகாமல் நிற்கிறது, ஒரு முள் கிடையாது, ஒரு பாம்பு கிடையாது, மேய ஒரு ஆடு கிடையாது. அதற்குள்ளே மிஷின் விட்டுச் சீவி, கல் பொறுக்கி, சரளை போட்டு ஒரு பாதை. அதன் வாசலில் பச்சைப் பலகை, பச்சை என்றால் கற்றுக்குட்டிகளுக்கு என்று நீ என்னவோ பட்டம் வாங்கித் தருகிற மாதிரி விளக்கினாய். மொத்தம் இரண்டரை கிலோமீட்டர், கோட்டுச்சேரிக்குப் போய் வெற்றிலை வாங்கி வர அதைவிட அதிகம் மிதிக்க வேண்டும். அதற்கு நீங்கள் செய்கிற ஏற்பாடு இருக்கிறதே, தலைக்குச் சட்டி, முழங்காலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, கைக்கு உறை, முதுகில் தண்ணீர்ப் பை, அதிலிருந்து வாய்க்கு ஒரு குழாய். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்த ஆள்தான் குழாயில் தண்ணீர் குடித்து நான் பார்த்திருக்கிறேன். சைக்கிளை ஓட்டுவதற்காக முக்கால் மணி நேரம் காரை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். இருபது நிமிஷம் மிதித்து முடித்ததும் காப்பிக் கடையில் உட்கார்ந்து, நடுக்கடலில் புயலுக்குத் தப்பி வந்தவர்கள் மாதிரி ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொள்கிறீர்கள். திரும்புகிற இடமெல்லாம் அம்புக்குறி வேறு, வழி தப்பிப் போக நினைத்தாலும் போக முடியாது. இதைப் பார்க்கவா விமானத்தில் காலை மடக்கிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்து வந்தேன் என்று அங்கேயே நினைத்தேன்.

நான் முப்பத்தோரு வருஷம் சைக்கிளில் மீன் விற்றவன். இங்கிருந்து குரும்பகரம், சுரக்குடி என்று வயல் வரப்பு, வாய்க்கால் கரை எல்லாம், கேரியரில் மீனும் ஐஸுமாக ஐம்பது கிலோ பெட்டி. அது ஒன்றும் ஒசத்தியான வேலை என்று சொல்ல வரவில்லை, நாற்றம் பிடித்த வேலை, சட்டையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும், நீ அதைச் செய்யக்கூடாது என்றுதான் உன்னைப் படிக்க வைத்தேன். ஆனால் மீன் சைக்கிளில் ஒன்று உண்டு, உனக்கும் தெரியும், சின்ன வயசில் திட்டு வாங்கியிருக்கிறாய். ஐஸ் தண்ணீர் பெட்டியிலிருந்து வழிந்து வழிந்து பின் ரிம் எப்போதும் ஈரமாகவே இருக்கும், பின் பிரேக் பிடிக்காது. முன் பிரேக்கைப் பிடித்தால் சுமை ஆளை முன்னால் தள்ளும். அதனால் எங்களில் யாரும் பிரேக்கைத் தொடுவதில்லை, காலைத் தரையில் ஊன்றி செருப்பைத் தேய்த்துத்தான் நிறுத்துவோம். வருஷத்துக்கு ஆறு ஜோடி செருப்பு போகும், வலது கால் செருப்பு முதலில் போகும்.

இப்போது அஜ்மீருக்கு வருகிறேன். காரைக்கால் டவுனில் நம்மிடம் மீன் வாங்கும் சித்திக்காவின் மகன் அவன் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் காட்டு வாசலில், அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவே, வாங்கப்பா, எந்தத் தெரு நீங்க என்று நம்ம பேச்சில் கேட்டான். நீ காரை நிறுத்தப் போயிருந்தாய். அவன் எனக்கு உயரம் பார்த்து சீட்டை இறக்கினான், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் அழுத்திக் காட்டினான், என்னையும் அழுத்தச் சொன்னான். ஒரு விரல் பட்டதும் சக்கரம் அப்படியே நின்றது. இறக்கத்தில் ரெண்டு கையிலும் ரெண்டு விரலை பிரேக் மேலேயே வைத்திருக்கணும், காலை மட்டும் கீழே விடாதீங்க என்று மூன்று தரம் சொன்னான். அவனுக்கு நான் சொன்ன பதில் என்ன தெரியுமா? "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே சைக்கிள்ல நண்டு வித்தவன்டா நான், எனக்கே பாடமா." அவன் சிரித்துக்கொண்டே தலைச்சட்டியின் வாரை மாட்டிவிட்டான்.

முதல் இரண்டு வளைவும் எனக்குப் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். சுமை இல்லாத சைக்கிள் அப்படி ஓடும் என்று எனக்குத் தெரியாது, முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள் கூட நான் சும்மா ஓட்டியதில்லை. சிரிப்பு வந்தது, அந்தச் சிரிப்பு மேலேயே கோபமும் வந்தது. மூன்றாவது வளைவில் மரப்பாலத்துக்கு இறங்குகிற சரிவில் வேகம் கூடியதும் என் வலது கால் தானாகத் தரைக்குப் போய்விட்டது. நீ வாங்கிக் கொடுத்த பூட்ஸ் அடிப்பாகம் தேயவில்லை, கவ்விப் பிடித்துக்கொண்டது, பெடல் கெண்டைக்காலில் அடித்தது, அடுத்து நான் மரத்தடியில் கிடந்தேன், சைக்கிள் பாலத்துக்குக் கீழே கல்லில் கிடந்தது. நீ பின்னால் ஓடி வருவதற்குள் ஆறேழு வயசுப் பெண் குழந்தை ஒன்று அந்தச் சரிவில் அழகாக இறங்கி வந்து, விரலால் பிரேக்கைத் தொட்டு நின்று, என்னைப் பார்த்து ஏதோ கேட்டது. கற்றுக்குட்டிகள் பாதையில், குழந்தைக்கு முன்னால், மீன்காரன் சிங்காரவேலு மல்லாக்கக் கிடக்கிறேன். நீ வந்து என்னப்பா ஆச்சு என்றாய். பிரேக் பிடிக்கலைடா என்று சொல்லிவிட்டேன்.

நீ ஒரு கேள்வி கேட்டிருந்தால் அங்கேயே உளறியிருப்பேன், நீ கேட்கவில்லை, நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாய். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள், அங்கேயும் அதையே சொன்னேன். கடைக்காரர் வந்தார், அவரிடமும் சொன்னேன். சைக்கிள் கல்லில் விழுந்ததில் பிரேக் உடைந்து அதற்குள்ளே இருக்கிற எண்ணெய் ஒழுகிக் கிடந்தது, அதனால் பார்த்தவர்களுக்கும் அது நிஜமாகப் பட்டது. ஊருக்கு வந்தால் உன் அம்மா அந்தப் பொய்க்குக் கை கால் வைத்து மார்க்கெட் முழுக்க நடக்க விட்டிருக்கிறாள். நான் அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்தக் காட்டையும் உங்கள் தலைச்சட்டியையும் மேலே அவ்வளவு ஏசினேனே, நாலு மாதமாக உட்கார்ந்து நான் செய்த வேலையே அதுதான், அதை ஏசிக்கொண்டிருந்தால் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பாதையில் கேவலமாக ஒன்று இருந்ததென்றால் அது நான்தான்.

நேற்று சித்திக்கா வீட்டுக்கு வந்தாள். மார்க்கெட்டில் உன் அம்மா அவளுக்கு மீன் கொடுப்பதை நிறுத்தி இரண்டு வாரம் ஆகிறது, அதற்குச் சண்டை போட வந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா உட்காரச் சொல்லவில்லை, சித்திக்கா வாசற்படியிலேயே நின்றாள். நாகூர் தர்காவில் ஓதி வாங்கிய எண்ணெய் என்று ஒரு சின்ன பாட்டிலை நீட்டினாள், தோளுக்குத் தடவச் சொன்னாள். "எம் புள்ளை கவனிக்காம விட்டுட்டான் அண்ணே. அவன் சரியாத்தான் கொடுத்தேன்றான். ஆனா நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு நான் அவனத்தான் ஏசினேன். மன்னிச்சிக்கிடுங்க." பெற்ற பிள்ளையை விட்டுவிட்டு என்னை நம்பியிருக்கிறாள் அவள். பாட்டிலை வாங்கிக்கொண்டேன், அவள் போய்விட்டாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியது. தபால் போய்ச் சேர நாளாகும் என்பதால் இதைப் போட்டோ எடுத்தும் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்ட காகிதம் பின்னால் வரும். இருபத்தாறாம் தேதி வரைக்கும் காத்திருக்காதே. நாளைக்கே கடைக்காரரிடம் போய், செருப்பைத் தேய்ப்பது உட்பட வரி விடாமல் இங்கிலீஷில் சொல்லு, அப்பாவுக்கு ஞாபகப் பிசகு, வயசாகிவிட்டது என்று பூசி மெழுகாதே, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. பிறகு அஜ்மீர் வீட்டுக்கு நீயே போ, போனில் முடிக்காதே. போனில் முடிக்கப் பார்க்கிறவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும், நாலு மாதமாக அவனோடுதான் குடித்தனம் செய்கிறேன். நான் இப்போது கடிதத்தை மடித்ததும் உன் அம்மாவிடம் சொல்லிவிட்டு டவுனுக்குப் பஸ் ஏறி சித்திக்கா வீட்டுக்குப் போகிறேன். மார்க்கெட்டில் சிரிப்பார்கள், ஆறு மாதத்துக்குச் சிரிக்க இது போதும், சிரிக்கட்டும்.

நீயும் தீபாவும் தீர்க்காயுசாக, மனசுக்கு நிம்மதியாக இருங்கள். தீபாவுக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்லு. வேளைக்குச் சாப்பிடு, கார் டயரைப் பார்த்துக்கொள். கீழே உள்ள என் பேரை அந்தக் கடைக்காரருக்குத் தெளிவாகப் படித்துக் காட்ட மறக்காதே.

இப்படிக்கு,
பிரேக் சரியாக இருந்த சைக்கிளிலிருந்து விழுந்த உன் அப்பா,
ப. சிங்காரவேலு