பதினோராம் எண் குழாய்

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் ஆராய்ச்சியைக் கெடுத்தவள் உன்னைப் பெற்றவள்தான். நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன், அதற்குள் இது முந்திக்கொண்டது. போன வாரம் போனில் அழாத குறையாகச் சொன்னாயே, சோதனைக்கு வந்த எச்சில் குழாய்களில் பதினோராம் எண் மட்டும் ஒத்துவரவில்லை, கூட வந்த தாளில் ஈறு கெட்டு இரத்தம் வருவதாக இருக்கிறது, எச்சிலில் அதைக் காட்டிக்கொடுக்கிற நொதியோ ஏறவே இல்லை, இந்தச் சோதனையை எப்படி நம்புவது என்று பேராசிரியர் கேட்கிறார் என்று. பெயரை மறைத்து எண் மட்டும்தான் உன் கைக்கு வருமாம். அந்த எண்ணை மூடியில் நான் பார்த்தேன். அது என் குழாய், உள்ளே இருந்தது என் எச்சில் இல்லை.

என் வாய் இருக்கிற லட்சணம் உனக்குத் தெரியாது. கீழே இரண்டு பல் ஆடுகிறது, காலையில் துப்பினால் சிவப்பு, யார் பக்கத்திலும் போய்ப் பேசக் கூச்சம். தையல் கம்பெனியில் நாலு மிஷினுக்கு ஒரு கத்தரி. இன்னொன்று கேட்டால் சூப்பர்வைசர், ஏம்மா, பல்லு எதுக்கு இருக்கு என்கிறான். நூலைப் பல்லால் கடித்துத்தான் அறுக்கிறேன். பல் டாக்டரைப் பார்க்க அரை நாள் லீவு கேட்டதற்கு, பல்லா தைக்குது, கைதானே தைக்குது, போய் உக்காரு என்றான். ஈறு கெட்டதற்கு நூல் காரணமில்லை என்பாய், படித்தவள் சொன்னால் சரி. டாக்டரிடம் காட்ட விடாததற்கு அவன்தானே காரணம்.

எச்சில் பிடித்து அனுப்பச் சொல்லி உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து குழாய் வந்ததும் பக்கத்து மிஷின் வாயாடியிடம் நீட்டினேன். இருபத்திரண்டு வயது, பல்லெல்லாம் முத்து. ஏன்க்கா, என் எச்சிலுக்கு வெளிநாட்டுப் பயணமா, எனக்கு எப்ப டிக்கெட் என்று சிரித்துக்கொண்டே துப்பிக் கொடுத்தாள். கூட அனுப்ப வேண்டிய தாளை அப்பா நிரப்பினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தலையணை உறையில் பார்த்த இரத்தக் கறையை அப்படியே எழுதி ஒட்டிவிட்டார். அந்த மனிதருக்குப் பொய் எழுத வராது.

ஏன் இப்படிச் செய்தேன் என்று கேட்பாய். நீ பட்டம் வாங்கிய அன்று போட்டோவுக்கு நிற்கும்போது, வாய மூடிட்டு சிரிம்மா என்று என் காதில் சொன்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அப்படித்தான் சிரிக்கிறேன், அந்த வாயில் ஊறியதை உன் மேசைக்கு அனுப்ப மனசு வரவில்லை. டாக்டர் முன்னால் வாயைத் திறக்கக் கூசுகிறவர்கள்கூட ஒரு குழாயில் துப்பிவிட்டுப் போகலாம், அதற்குத்தான் இந்தச் சோதனை என்று நீதான் சொன்னாய். எனக்காகவே செய்த மாதிரியான ஒன்றை நானே கெடுத்துவிட்டு, ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் கிடக்கிறேன்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இரு. வேளைக்குச் சாப்பிடு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும், அந்த எண்ணைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் அடித்துவிடாதே. பேராசிரியர் முன்னால், உன்னோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் இருக்கும்போது, அது என் அம்மா, தையல் கம்பெனியில் வேலை செய்கிறாள், வெட்கப்பட்டு மாற்றிவிட்டாள் என்று வாயைத் திறந்து சொல். சொல்வாயா?

உன் அம்மா