நடுவரிசைப் பயிற்சியாளரின் பெட்டி

கீழக்கரை,
12-1-1956

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மச்சான் பாக்கர் அவர்களின் சமுகத்திற்கு, காலிதா ஸலாம் கூறி எழுதுவது:

கல்லூரி வளாகத்தில் குடும்பஸ்தருக்கான வீடு ஒன்று காலியாக உள்ளதென்றும், நான் திருச்சிக்கு வந்தால் அது நமக்குக் கிடைக்குமென்றும் எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் பெயர்வதில்லை. மாப்பிள்ளைதான் தம் பெட்டியோடு வந்து சேர்கிறார். தங்கள் பெட்டி என் அறையில் இருக்கும்வரை இதுவே தங்கள் வீடு. இதை மீண்டும் எழுதும் நிலைக்கு என்னை ஆளாக்க வேண்டாம்.

மூன்று கல்லூரிகள் மாறியும் தாங்கள் கால்பந்து அணியின் நடுவரிசை ஹாஃப்பேக்குகளுக்கு மட்டுமே பயிற்சியாளர். இறுதிப் போட்டியில் வென்றால் தலைமைப் பயிற்சியாளர் பதவி தங்களுக்கே என்று கல்லூரி முதல்வர் வாக்களித்ததாக, அங்கே படிக்கும் என் தம்பி சதக் எழுதியுள்ளான். அவன் சென்டர் ஹாஃபாக நிற்கையில் வெற்றியில் ஐயமென்ன? வாப்பா தெருவில் பாதிப்பேரைத் திரட்டிவிட்டார். "எம் மவன் ஆட்டத்த நம்ம மனுசங்க பாக்கணும்ல" என்கிறார்.

தங்கள்
காலிதா

திருச்சி,
17-1-1956

அன்புக் காலிதா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். இறுதிப் போட்டியில் சதக்கை இறக்கப் போவதில்லை. காரணம் உண்டு. அதை வீட்டுக்குத் தெரிவிப்பதில்லை என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். வாப்பாவின் பயணத்தை எப்படியாவது தள்ளிப்போடு. என்னை நம்பு என்று கேட்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பாக்கர்

கீழக்கரை,
30-1-1956

பாக்கர் அவர்களுக்கு,

வாப்பாவின் பயணத்தை நான் தடுக்கவில்லை. வாப்பா ஊரைத் திரட்டுவதை நான் எழுதியபின்னும் தாங்கள் என் தம்பியை உட்கார வைப்பீர்கள் என்று நான் எண்ணவில்லை. வாப்பா அங்கே பார்த்தது, ஆட்டம் முடியும்வரை தம் மகன் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் அமர்ந்திருந்ததை. கல்லூரியும் தோற்றது. திரும்பும் ரயிலில் ஒருவர், "என்ன அலியாரு, மருமவன் ஒம்ம மவனுக்கு நல்ல எடமாத்தான் குடுத்திருக்காரு, வெயில் படாத எடம்" என்றாராம். வந்த நாள்முதல் வாப்பா வெளியே இறங்கவில்லை.

மனைவியிடம் சொல்லத் தகாத காரணம் எதுவாயினும், அதை அறிய எனக்கு விருப்பமில்லை. பள்ளிக்கூடம் காணாமல், பொட்டலம் கட்டிவந்த தாள்களைக் கூட்டிக் கூட்டி எழுத்துக் கற்றவள் நான். எழுதிய சொல்லை அழிப்பது என் பழக்கமன்று.

தங்கள் பெட்டி இன்று காலை தங்கள் உம்மாவின் வீட்டுக்குச் சென்றது. மாட்டுவண்டியில், தெரு பார்க்க.

காலிதா

திருச்சி,
5-2-1956

காலிதா,

பெட்டி வந்து சேர்ந்ததை உம்மா ஆள்வைத்து எழுதியிருந்தார். அழுதாராம். பூட்டைத் திறக்க வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன்.

தலைமைப் பதவியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அடுத்த ஆண்டும் நடுவரிசைதான். இன்று புதுப் பையன்களுக்குப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொடுத்தேன். குடும்பம் வராவிட்டால் வீட்டுச் சாவியை மாதக் கடைசியில் திருப்பித் தர வேண்டுமாம். தந்துவிடுகிறேன்.

சதக் விடுமுறைக்கு வருகிறான். அவனைக் கடிந்து எதுவும் சொல்லாதே.

பாக்கர்

கீழக்கரை,
21-2-1956

என் மச்சான் அவர்களுக்கு,

சதக் வந்தான். மஃரிப் தொழுகையில் இருப்பில் அமர்ந்தபோது வலக்காலை மடிக்க இயலாமல் நீட்டிவைத்தான். சலாம் கொடுத்து முடித்ததும் கேட்டேன்.

"என்னடா காலு?"

"ஒண்ணுமில்ல லாத்தா."

"தொழுத பாயில உக்காந்து பொய் சொல்லாத."

பிறகு சொன்னான். அரையிறுதியிலேயே முழங்கால் பிசகியதாம். "வாப்பாவுக்குத் தெரிஞ்சா படிப்ப நிறுத்திக் கொழும்புக் கடைக்கு அனுப்பிருவாங்க, எழுதிராதீங்கன்னு மச்சான் கையப் புடிச்சேன். எறக்குங்கன்னும் கெஞ்சுனேன். இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தா ஆயுசுக்கும் கம்பு ஊணித்தான் நடக்கணும்னாரு டாக்டர். பெட்டிய அனுப்பிட்டேன்னு ஓங் கடுதாசி வந்த அன்னைக்கு மச்சான் விசில வாயில வச்சுக்கிட்டு ஊதாமயே நின்னாரு. பயலுக அவுக பாட்டுக்கு ஆடிக்கிட்டிருந்தாய்ங்க" என்றான்.

வாப்பாவிடம் நானே தெரிவித்தேன். "படிக்கட்டும்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

தங்கள் பெட்டியைத் திரும்பக் கொண்டுவர ஆள் அனுப்பலாம் என்றார் என் உம்மா. நான் மறுத்துவிட்டேன். தெரு பார்க்க அனுப்பிய ஒன்றை இருட்டில் திரும்ப எடுத்துவர எனக்கு மனமில்லை. பகலில் எடுத்துவந்தாலும் நான் எழுதிய கடுஞ்சொல் அழிந்துவிடாது.

ஆகவே தெரிவித்துக்கொள்வது: இன்று காலை மற்றொரு பெட்டி இதே தெரு வழியாக, அதே மாட்டுவண்டியில் இராமநாதபுரம் ரயிலடிக்குச் சென்றது. ஜன்னல்தோறும் ஆட்கள் நின்றார்கள். அது என் பெட்டி. நானும் சதக்கும் வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறோம்.

சாவியைக் கொடுத்துவிட வேண்டாம்.

தங்கள்
காலிதா