மாலதி ஜெயித்தபோது நீர் எங்கே இருந்தீர்?

ஓய்,

குட்வில் எஸ்டேட் பக்கம் ஒரு சைக்கிள் கடை இருக்கிறதே, நேற்று அதன் முன்னால் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரன் பஞ்சர் ஒட்டுகிற சொலூஷன் டியூபைத் திறந்தான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீர் என் பக்கத்தில் வந்து நின்றுவிட்டீர். சத்தியமாகத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினேன். அங்கே நின்றது மீன் கூடையோடு ஒரு பெங்காலிக் கிழவி. அவள் முறைத்த முறைப்பில் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். செத்த பிறகும் எனக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறீர்.

டேபிள் டென்னிஸ் பேட்டுக்கு ரப்பர் ஒட்டும் பசை நம் அந்தமான் தீவில் கிடைக்காது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்து சேருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். நீர்தான் பஞ்சர் சொலூஷனை வைத்து ஒட்ட ஆரம்பித்தீர். கிளப்புப் பிள்ளைகளின் பேட் எல்லாம் சைக்கிள் கடை மாதிரி நாறும். உம் கையும் நாறும். உம் வீட்டில் அண்ணி சோறு போடும்போது தட்டைத் தூரத்திலிருந்தே தள்ளிவிடுவாள்.

நீர் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா. சாயங்காலம் ஆனால் கிளப்பில் பிள்ளைகளோடு. நான் சாத்தம் மர ஆலையில் கட்டை புரட்டி ரிட்டயர் ஆனவன். டேபிள் டென்னிஸில் எனக்கு ஒரு எழவும் தெரியாது. கிளப்பில் ஃபேன் நன்றாகச் சுற்றும், கிண்டல் பண்ண நீர் இருப்பீர், அதனால் வந்தேன். அப்படி வந்தவனை ஜூனியர் டீமுக்கு மேனேஜர் ஆக்கிவிட்டீர்.

"உமக்கு வேலை ஒண்ணும் இல்லவேய். பிள்ளைகள எண்ணிக் கப்பல்ல ஏத்தணும், எண்ணி எறக்கணும்."

"எறக்கும்போது ஒண்ணு கூட இருந்தா என்ன செய்ய?"

"அது நீராத்தான் இருக்கும். உம்மைக் கடல்ல தள்ளிட்டுக் கணக்கச் சரி பண்ணிக்கிடுதேன்."

இப்படிப் பேசிய ஆளிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்க வேண்டியிருக்கிறது. நேரில் கேட்க நீர் அவகாசம் தரவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிறேன், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளும்.

உமக்கு இருந்த ஆசை எனக்குத் தெரியும். தீவுப் பிள்ளை ஒன்று நேஷனல்ஸில் ஒரு மேட்ச் ஜெயிக்க வேண்டும், அதை உம் கண்ணால் பார்க்க வேண்டும். கோப்பை வேண்டாம், மெடல் வேண்டாம். ஒரு மேட்ச். நீர் பையனாக இருந்தபோது போய் முதல் ரவுண்டில் தோற்றீர். நீர் கூட்டிப் போன பிள்ளைகளும் வருஷா வருஷம் முதல் ரவுண்டிலேயே தோற்றுக்கொண்டிருந்தார்கள். யார் யாரோடு ஆடுவது என்று சீட்டுப் போட்டு ஒட்டுவார்களே, அதில் நம் பிள்ளையின் பெயருக்கு எதிரில் இருக்கிற டீம் கைகொட்டும். "அந்தமானா? அப்ப பை கிடைச்ச மாதிரிதான்" என்று நம் காதுபடவே சொல்வார்கள். ஆடாமலே அடுத்த ரவுண்டுக்குப் போவதற்குப் பெயர் பை. நம் பிள்ளைகள் ஆடுவதும் ஆடாததும் ஒன்று என்று அர்த்தம். நீர் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவீர்.

மாலதி வந்தது சுனாமிக்கு அப்புறம். கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்த குடும்பம். அவள் அப்பனும் ஆத்தாளும் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தண்ணீர் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போன பிறகு போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து நம் கிளப் ஹாலில் போட்டார்கள். நாலைந்து குடும்பம், இரண்டு டேபிள். டேபிள் மேலே அரிசி மூட்டை, கீழே மாலதியும் அவள் தம்பியும் படுத்திருப்பார்கள். மற்றப் பிள்ளைகள் டேபிளை மேலேயிருந்து பார்த்துத்தான் பழகினார்கள். இவள் அடியிலிருந்து பார்த்துப் பழகியவள்.

முகாம் காலியான பிறகு பார்த்தால், மூட்டை கனத்தில் ஒரு டேபிளின் ஒரு பக்கம் குழிந்துவிட்டது. அங்கே விழுகிற பந்து எழும்பாது, செத்த தவளை மாதிரி கிடக்கும். யாரும் அந்தப் பக்கம் நிற்க மாட்டார்கள். சின்னவள், புதியவள் என்று மாலதியை அங்கேயே நிறுத்தினார்கள். அவளும் வாயைத் திறக்காமல் செத்த பந்தையெல்லாம் தோண்டித் தோண்டித் தூக்கிப் போட்டாள். நீர் ஒரு நாள் என் விலாவில் குத்தினீர். "பாரும்வேய். இந்தப் பிள்ளைக்குப் பந்து எழும்பணும்னே அவசியமில்ல."

மாலதியை நேஷனல்ஸுக்குக் கூட்டிப் போனதற்கு முந்தின வருஷத்து ஜிலேபிக் கதையையும் சொல்லிவிடுகிறேன். நேஷனல்ஸில் நம் பையன் ஒருவன் தோற்றுப்போனான். நீர் வெளியே டீ குடிக்கப் போயிருந்தீர். பிள்ளைகள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததால், "கோச் அங்கிள் வந்ததும் ஜெயிச்சுட்டோம்னு குதிங்கடா" என்றேன். குதித்தார்கள். நீர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிப் போய் ஜிலேபி வாங்கி வந்து ஹால் முழுக்க, அந்த 'பை' சொன்ன டீமுக்கும் சேர்த்து, ஊட்டாத குறையாகக் கொடுத்தீர். ஸ்கோர் போர்டைப் பார்த்த பிறகு சென்னையிலிருந்து சாத்தம் வரை என்னோடு பேசவில்லை. கப்பலில் மூன்று நாள் பேசாமல் இருப்பது லேசா? நானே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம்தான் மாலதி. மாலதிக்குப் பதின்மூன்று இருக்கும். சுனாமிக்கு அப்புறம் ஐந்தாவது வருஷமோ ஆறாவதோ, எனக்குக் குழம்புகிறது.

கடல் மோசமாக இருந்தது. நான் வாந்தி எடுத்தேன், பிள்ளைகள் எடுத்தார்கள். நீர் மட்டும் பங்க் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஊறுகாய் நக்கினீர். ஆனால் சென்னையில் கால் வைத்தவுடன் எல்லாம் தலைகீழ். எங்களுக்குத் தரை லேசாக ஆடியது. உமக்குத் தரை, சுவர், மேலே ஓடுகிற ஃபேன் எல்லாம் ஆடியது. கடலில் ஆடாத மனிதர் காங்கிரீட்டில் ஆடினீர். மறுநாள் காலையில் மேட்ச்.

எதிரே பெரிய மாநிலத்துப் பெண். ஒரு முழம் உயரம் அதிகம். அவள் அம்மா இடைவேளைக்கு இடைவேளை ஜூஸ் ஊட்டினாள். மாலதி முதல் கேமை விட்டாள், இரண்டாவதையும் விட்டாள். பந்து வருவதற்கு முன்னாலேயே ஒரு பக்கமாகச் சாய்கிறாள்.

நீர் தலையைப் பிடித்துக்கொண்டே கேட்டீர். "ஏன் பிள்ள சாயுத?"

"நான் சாயல அங்கிள். ஹாலுதான் சாயுது. உங்களுக்குச் சாயலயா?"

"சாயுது பிள்ள. நல்லாவே சாயுது."

"அப்ப சரி" என்றாள். தனக்கு மட்டும் இல்லை என்று தெரிந்ததும் அவளுக்கு என்ன ஆனதோ, மூன்றாவது கேமை ஜெயித்தாள். நான்காவதையும் ஜெயித்தாள். அந்த உயரப் பெண் வலையை ஒட்டிப் பந்தைச் சாகடித்துப் போட்டாள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் செத்தார்கள். இவளுக்கு அது நம் கிளப் டேபிள் மாதிரி இருந்தது. தோண்டித் தூக்கினாள்.

கடைசி கேம். ஐந்து பாயிண்ட் வந்ததும் பக்கம் மாறுவார்களே, அந்த நேரத்தில் நீர் எழுந்தீர். முகம் வெளுத்திருந்தது. "தாங்காதுவேய், வந்துடுதேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளிக்கொண்டு போனீர். அவள் ஆறுக்கு எட்டு என்று பின்னால் போனாள். எட்டுக்கு எட்டு. ஒன்பதுக்கு ஒன்பது. பத்து. கடைசிப் பந்து வலையில் பட்டுத் தயங்கி அந்தப் பக்கம் விழுந்தது. அந்தப் பெண் நீட்டிய பேட்டுக்கு எட்டவில்லை. பதினொன்று.

நாங்கள் குதித்தோம். உண்மையாகவே குதித்தோம். அப்போது நீர் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தீர்.

"ஜெயிச்சுட்டா ஓய்! மாலதி ஜெயிச்சுட்டா!"

நீர் என்னைப் பார்த்தீர். குதிக்கிற பிள்ளைகளைப் பார்த்தீர். "இந்த வருசமும் ஜிலேபியா?" என்றீர்.

"சத்தியமாவேய்!"

"உம்ம சத்தியத்த உப்புத் தண்ணில போடும்."

மாலதி ஓடி வந்தாள். "சச்சி அங்கிள், ஜூட் இல்ல, சச்சி!" இந்தியில் பொய் இல்லை, உண்மை என்று கத்தினால் நம்புவீர் என்று நினைத்தாள் போல. "உன்னையும் கெடுத்துட்டானா இவன்?" என்று அவள் தலையைத் தடவினீர். போர்டைப் பாரும் என்றேன், அதையும் நானே மாற்றி வைத்திருப்பேன் என்றீர். மறுநாள் அவள் இரண்டாவது ரவுண்டு ஆடியபோதாவது ஒத்துக்கொள்வீர் என்று பார்த்தால், "நேத்து அந்தப் பிள்ள பாதியில வெலகிப் போயிருப்பா" என்றீர். இரண்டாவது ரவுண்டில் மூன்று கேமும் சீக்கிரம் போய்விட்டது. "பாத்தீரா?" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்.

அதோடு விட்டீரா? அடுத்த வருஷமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினீர். அதற்கடுத்த வருஷமும். வீட்டில், கிளப்பில், டீக்கடையில், "ஒரு மேட்ச் ஜெயிக்கிறத இன்னும் என் கண்ணால பாக்கல" என்பீர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லைக் கடிப்பேன். ஊரையே ஏமாற்றினவன் ஒரு உண்மையைச் சொல்லி அதை விற்க முடியாமல் அலைந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரி. சாயங்காலம் பார்க்க வந்தேன். மூக்கில் குழாய். உம்மைப் பார்த்ததும் யோசித்து வைத்திருந்த கிண்டல் எல்லாம் எங்கோ போய்விட்டது. நீர்தான் கேட்டீர்.

"அந்த மேட்சச் சொல்லும்வேய்."

"எதுக்கு? நீருதான் நம்ப மாட்டீரே."

"நம்புததுக்கா கேட்டேன்? சொல்லும்."

முதல் தடவையாகக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சாய்ந்தது, ஜூஸ், ஆறுக்கு எட்டு, ஒன்பதுக்கு ஒன்பது, வலையில் தயங்கிய பந்து. கண்ணை மூடிக் கேட்டீர். முடிந்ததும் தூங்கிவிட்டீர் என்று எழுந்தேன்.

"லேச விட்டுட்டீரே" என்றீர்.

"எந்த லேச?"

"ஒம்போதுக்கு ஒம்போதுல பிள்ளைக்கு ஷூ லேஸ் அவுந்துச்சுல்லா. குனிஞ்சு நிதானமாக் கட்டுனா. அம்பயர் வாட்சப் பாத்தான். அவ நிமிரவே இல்ல."

நர்ஸம்மா வந்து நேரமாகிவிட்டது என்று என்னை வெளியே அனுப்பினாள். கதவு வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். உம் உதடு ஓரம் ஏதோ சிரிப்பு மாதிரி இருந்தது, குழாய் இழுத்ததாகவும் இருக்கலாம். அதற்கப்புறம் நீர் பேசவில்லை.

இதுதான் என் சந்தேகம், ஓய். நீர் கதவுப் பக்கம் நின்று பார்த்தீரா? பார்த்துவிட்டு இத்தனை வருஷம் ஜிலேபிக்குப் பழி வாங்கினீரா? இல்லை, ஒன்றும் பார்க்காமல், போகிற போக்கில் எனக்கு ஒரு லேசைக் கட்டிவிட்டுப் போனீரா?

மாலதியைக் கேட்டேன். இப்போது பம்பூஃப்ளாட்டில் ஸ்கூலில் விளையாட்டு டீச்சர். சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரிக்கு நின்றாள்.

"லேஸா? எனக்கு ஞாபகமே இல்ல தாத்தா. அன்னிக்கு நான் லேஸ் வச்ச ஷூவா போட்டிருந்தேன்?"

"என்னைக் கேட்டா?"

"நீங்கதான மேனேஜரு!" என்று சிரித்துக்கொண்டே ஏறிப் போய்விட்டாள்.

அண்ணியைக் கேட்டேன். காயை நறுக்கிக்கொண்டே சொன்னாள். "அவரா? மொகம் கழுவப் போனா கண்ணாடியக் கழட்டிப் பாக்கெட்ல போடுவாரு, திரும்ப மாட்ட மறந்துடுவாரு. கண்ணாடி இல்லாம என்னயே அடையாளம் தெரியாது. வாசல்ல நின்னு லேசப் பாத்தாராக்கும்?" சரி, பார்க்கவில்லை என்று முடிவு செய்து எழுந்தேன். அப்போது அவளே பின்னால் இருந்து சொன்னாள். "ஆனா ஒண்ணு தம்பி. ஒரு பிள்ள ஜெயிச்சுட்டா கப்பல் ஏறதெல்லாம் நிறுத்திர்றேன்னு எனக்கு வாக்குக் குடுத்திருந்தாரு. கடைசி வரைக்கும் ஒண்ணும் ஜெயிக்கலையாமே?"

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம் என்று உமக்கே தெரியும். நீர் ஏமாற்றியது என்னையா, அண்ணியையா? அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? சொன்னால் மட்டும் என்னை நம்பப் போகிறாளா?

கிளப்பில் பிள்ளைகள் அந்த மேட்ச்சைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். சொல்கிறேன். ஒன்பதுக்கு ஒன்பது வந்ததும் குனிந்து, என் ரப்பர் செருப்பில் இல்லாத லேசை நிதானமாக முடிச்சுப் போடுகிறேன். பிள்ளைகள் எட்டி எட்டி என் காலைப் பார்க்கிறார்கள். இப்போதெல்லாம் எனக்கே அவள் குனிந்தது கண்ணில் தெரிகிறது, அம்பயர் வாட்சைப் பார்ப்பதும் தெரிகிறது. நான் பார்த்ததா, நீர் சொன்னதா என்று பிரிக்க முடியவில்லை. நிமிரும்போது கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பத்தாவது பாயிண்டைச் சொல்கிறேன்.