சடையனுக்கு ஒரு கேமரா

9-2-1983, புதன்

காலையில் இரண்டு பாஸ்போர்ட் படம், ஒரு குழந்தை. குழந்தை ஸ்டுடியோ முக்காலியை நனைத்துவிட்டுப் போனது.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சுராயா சொன்னாள். மெட்ராஸில் படம் எடுக்கும் பெண்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறதாம். பழவேற்காட்டுக்கு நான்கு கேமரா தருகிறார்களாம். பிலிம் கழுவ மட்டும் ஓர் இருட்டறை வேண்டுமாம்.

"யாரு தருவாங்க?" என்றேன்.

"நீங்கதான். நேத்தே சொல்லிட்டேன்."

இந்த ஊரில் ஸ்டுடியோ வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். எனக்குப் போட்டியாக நான்கு பேரை உருவாக்க என் இருட்டறையையே வாக்குக் கொடுத்திருக்கிறாள், என் மனைவி. இன்னொரு கரண்டி குழம்பு கேட்டேன். வேறு என்ன செய்ய?

17-2, வியாழன்

சங்கத்தின் லோகாம்பாள் அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து படகேறி வந்து கருவாடு விற்கும் மரியம்மா. அவளோடு வலை பின்னும் சடையன்.

சடையனுக்கு என் வயதிருக்கும். லுங்கி, சட்டை, கொண்டையில் கனகாம்பரம். சங்கத்தில் சேரும் பாரத்தில் ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம். லோகாம்பாள் பேனாவோடு காத்திருந்தார்.

"ரெண்டும் சொல்ல வாய் வர்ல மேடம். சடையன்னு எழுதிக்க."

கட்டம் காலியாகவே போயிற்று. கேமரா சடையன் கைக்கு வந்துவிட்டது.

இதை எழுதும்போது எனக்கும் அதே சிக்கல். வந்தானா, வந்தாளா? 'வந்தார்' என்றே எழுதிவிடுகிறேன். இதுவரை தாசில்தாருக்கு மட்டும் கொடுத்துவந்த மரியாதை.

24-2

இருட்டறையில் கருவாட்டு வாசனை. சொன்னால், "உங்க ஹைப்போ மருந்து மட்டும் அத்தரா?" என்கிறாள் சுராயா.

10-3, வியாழன்

மரியம்மாவின் முதல் பிலிம். பன்னிரண்டு படத்திலும் அவள் கட்டைவிரல். சிரித்துவிட்டேன்.

"நீ மொத மொத எடுத்தத காட்டு பாய், பாக்கலாம்" என்றாள். பேச்சை மாற்றினேன்.

21-3, திங்கள்

மெட்ராஸிலிருந்து கடிதம். சங்கம் பெண்களுக்கானது, கட்டம் காலியாக உள்ள நபர் கேமராவைத் திருப்பித்தர வேண்டும். குழுவின் முடிவு. 'எனக்குச் சம்மதமில்லை, ஆனால் என் ஓட்டு ஒன்றுதான்' என்று அடியில் லோகாம்பாள் தன் கையால் எழுதியிருந்தார்.

சுராயா சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். "சங்கம்னா சட்டம் இருக்கத்தானே செய்யும்" என்றும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

24-3, வியாழன்

சடையன் கேமராவைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "உள்ள ஒரு பிலிம் கீது பாய். இத்த மட்டும் கழுவிட்டு குடுத்துடறேன்."

பிலிமைக் கழுவிக் காயவைத்துப் பிரின்ட் போட, சிவப்பு விளக்கில் இருவரும் நின்றோம். மூன்றாவது படம் தட்டில் மெதுவாக எழும்பி வந்தது. எங்கள் கொல்லை. மடியில் இறால் முறம். சுராயா.

இருபத்தோரு வருஷமாக இவளை நான் படம் எடுக்கிறேன். நாடியைத் தூக்கு, அசையாதே, கண்ணைச் சிமிட்டாதே. எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரிதான் இருப்பாள். இதில் தலையைச் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கடைவாய்ப் பல் தெரிகிறது.

என்கிட்ட ஏன் இப்படி ஒருநாளும் சிரிச்சதில்ல — இல்ல, சிரிச்சிருப்பா. நான்தான் அசையாதேன்னுட்டேன்.

"இன்னா பாய், கண்ணு கலங்குது?"

"மருந்து நெடி" என்றேன்.

25-3, வெள்ளி

தொழுகை முடிந்து வந்து மெட்ராஸுக்குக் கடிதம் எழுதினேன். சடையன் எடுத்த படத்தையும் வைத்தேன். சடையன் இல்லையென்றால் இருட்டறையும் இல்லை. இந்த ஊரில் வேறு இருட்டறை கிடையாது.

எழுதி முடித்த பிறகுதான் மற்ற மூவரின் நினைவு வந்தது. இருட்டறை போனால் அவர்களுக்கும் போகிறதே. கருவாட்டுக் கூடையோடு வந்த மரியம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"என் கேமராவையும் திருப்பி அனுப்பிடறேன்னு சேத்து எழுது பாய்" என்றாள். கட்டைவிரலில் மையைத் தடவிக் கடிதத்தின் அடியில் உருட்டினாள்.

கையெழுத்துக்கு மேல் 'தங்கள் ஆதரவாளன்' என்று போட்டேன். மிரட்டுகிறவன் ஆதரவாளனாம். சுராயா வாங்கிப் படித்தாள். ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தினாள். மாலையில், கேட்காமலே இரண்டாவது டீ வந்தது.

18-4

பதில் இல்லை. சடையன் இந்தப் பக்கம் வருவதே இல்லை. தபால்காரர் என்னைக் கண்டால் இப்போது தெருவை மாற்றிப் போகிறார்.

6-5, வெள்ளி

வந்துவிட்டது. குழு மறுபடி கூடியதாம், இரண்டு மணி நேரம் சண்டையாம். இனி ஆண் என்றோ பெண் என்றோ தன்னைச் சொல்லிக்கொள்ளாதவர்களும் சேரலாம். கூடவே புதிய பாரம்.

அதையும், சடையன் என்னிடமே விட்டுப்போயிருந்த கேமராவையும் படகேறி நானே குப்பத்துக்குக் கொண்டுபோனேன். சடையன் வலைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பாரத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பேரு மட்டுந்தான் கேக்குது" என்றார்.

"ஆமா."

கிழிந்த வலையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் முடிச்சுப் போட்டார். நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

29-1-1984, ஞாயிறு

சுண்ணாம்புக்குளத்தில் எல்லப்பன் மகள் கல்யாணம். போன வாரமே எல்லப்பன் ஸ்டுடியோவுக்கு வந்தார். எழுந்து நின்று வரவேற்றேன். "சடையன வரச் சொல்லு பாய். நீயும் கூட வா, லைட்டு புடிக்க ஆள் வேணும்ல" என்றார்.

விளக்கைத் தூக்கிக்கொண்டு போனேன். தாலி கட்டும் நேரம். கூட்டம் நெருக்கியது. மாப்பிள்ளைக்கு நேரே போய் நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன், பழக்கதோஷம்.

சடையன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாய், கொஞ்சம் நவுரு. உன் நெழலு பொண்ணு மேல வுழுது."

நகர்ந்துகொண்டேன்.