முடிச்சு போட்ட பைகள்

மார்ச் 4

புதிய தெருக்களுக்கும் குப்பை வண்டி விடுகிறார்கள். ஓட்டப்போவது நான்தான். மக்கும் குப்பை பழைய வண்டிக்கு. தாள், டப்பா, பாட்டில் எல்லாம் என் வண்டிக்கு. இந்தத் தெருக்களின் குப்பை மறுசுழற்சிக்குத் தேறினால் குப்பை மேட்டை அகலப்படுத்த வேண்டியிருக்காது என்று அதிகாரியம்மா சொன்னார்.

மேட்டடியில் முதல் வீடு தங்கையுடையது. போனில் சொன்னேன்.

"அப்போ வீடு தப்பிச்சிடுமா அண்ணா?"

தப்பிக்கும் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 11

முதல் லோடே திரும்பிவிட்டது. முன்பொருமுறை குப்பை பிரிக்கும் கூடத்தில், கட்டியிருந்த பையை அவிழ்க்கப்போன ஒருத்தியின் உள்ளங்கையை உள்ளே இருந்த உடைந்த கண்ணாடி கிழித்துவிட்டதாம். அதிலிருந்து முடிச்சு போட்ட பையைத் தொடமாட்டார்கள். அதிகம் இருந்தால் மொத்த லோடும் மேட்டுக்கு. என் வண்டியில் முடிச்சில்லாத பையே இல்லை!

நானே அவிழ்க்கிறேன் என்றேன். "உங்க கைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்றார் சூப்பர்வைசர்.

மேட்டுக்குத் தங்கை வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து வாசலுக்கு ஓடிவந்து கையசைத்தாள். அப்புறம்தான் பின்னால் இருந்த லோடைப் பார்த்தாள்.

மார்ச் 12

வீடு வீடாக இறங்கிக் கத்தினேன் — கட்டாதீங்க, சும்மா திறந்து வைங்க.

"நாய் இழுத்துப் போடுமேப்பா. நாங்க சுத்தமா இருக்கிறது தப்பா?" என்றார் நீல கேட் வீட்டம்மா. என் கண்ணெதிரே இன்னொரு முடிச்சும் போட்டார். உள்ளே என்ன, தங்கமா இருக்கிறது?

மார்ச் 20

இன்றும் திரும்பியது. தங்கை கையசைக்கவில்லை.

ஏப்ரல் 2

ஒரு லோடு தேறிவிட்டது! ஸ்டியரிங்கைத் தட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வீடு மூடிபோட்ட தொட்டி கொடுத்தால் பையே வேண்டாம், நாயும் இழுக்காது என்று அதிகாரியம்மாவிடம் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாமாம். அடுத்த வருஷம்! மேடு இவர் வாசலுக்கு வந்தால் தெரியும்.

ஏப்ரல் 3

திரும்பியது.

ஏப்ரல் 16

தங்கை வீட்டுச் சுவரில் இடிப்பதற்கு அடையாளமாகச் சிவப்பு பெயிண்டில் கோடு போட்டுப் போய்விட்டார்கள். போய் உட்கார்ந்திருந்தேன்.

"வண்டிச் சத்தத்தை வெச்சே பாப்பா சொல்லிடுவாண்ணா. மாமா இன்னிக்கும் வந்துட்டார்னு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். திட்டித் தொலைத்திருக்கலாம், எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மே 9

தங்கை வீட்டைக் காலி செய்தாயிற்று. என் ரூட்டிலேயே கடைசித் தெருவில் வாடகைக்கு ஒரு அறை. பீரோ வாசலில் நுழையவில்லை. வெளியிலேயே நிற்கிறது.

மே 27

காலையில் முதல்முறையாகத் தங்கை வாசலில் குப்பை வாங்கினேன். டப்பாக்களைக் கழுவித் துடைத்து, பை வாயைத் திறந்தே வைத்திருந்தாள்.

"இது தேறுமாண்ணா?"

"தேறும்மா."

தேறவில்லை. மற்ற வீட்டுப் பையெல்லாம் முடிச்சுதான். இனிமேல் மேட்டின் புதுப் பக்கத்தில் கொட்டவேண்டுமாம். அங்கே ஒருவர் நின்று, "இன்னும் பின்னாடி வா, வா, போதும்" என்று கையைக் காட்டினார். கண்ணாடியில் பார்த்தேன். தங்கை வீடு இல்லை. அவள் துணி உலர்த்தும் கம்பி கட்டிய கம்பம் மட்டும் நிற்கிறது. அதிலிருந்து நாலடி தள்ளித்தான் சமையலறை இருந்தது.

லோடைச் சரித்தேன். முடிச்சுகளுக்கு நடுவே வாய் திறந்த பை ஒன்று கவிழ்ந்து, அவள் கழுவிய டப்பாக்கள் உருண்டன. இறங்கிப் பொறுக்கலாமா என்றுகூடத் தோன்றியது. பின்னால் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது.

நாளைக்குக் கேட்பாள். தேறியது என்றுதான் சொல்லப்போகிறேன்.