மணலில் பழகிய கை

1934 ஜனவரி 9, செவ்வாய்
பந்து நேராகப் போனால் துரை கெட்டிக்காரர். கோணலாகப் போனால் நான் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை! பொன்மலை ரயில்வே கிளப்பில் கோல்ஃப் மார்க்கர் என்றால் பாதி வாத்தியார், பாதி கூலி. ராத்திரி சாப்பிடும்போது கரண்டியை வீசிக்கொண்டிருந்தேனாம். "அதை வைங்க, குழம்பு தெறிக்குது" என்றாள் என் மனைவி பொன்னுத்தாய்.

ஜனவரி 22, திங்கள்
நீலகிரியில் ஒரு கிளப்புக்குப் புரொபஷனல் வேண்டுமாம். ஆடுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் வேலை, பை தூக்க வேண்டாம். இரண்டு பேரை ஆடவிட்டு ஜெயித்தவனை வைத்துக்கொள்வார்கள். செக்ரட்டரி துரை என் பெயரைக் கொடுத்திருக்கிறார்.
மாமனார் சின்னையன் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். எனக்கும் அங்கே இடம் பேசி வைத்திருக்கிறார். "போயிட்டு வாங்க மாப்ளே. தோத்தா பேசாம ஒர்க்‌ஷாப்புல சேர்ந்துடணும்" என்றார். சரி என்றேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 4, ஞாயிறு
காவிரியில் கரையோரம் மட்டும்தான் தண்ணீர். அம்மா மண்டபத்துக்கு எதிரே மணலில் இறங்கி அடித்துப் பழகினேன். குளிக்க வந்த ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர், "ஏண்டாப்பா, இதுக்குக்கூடவா சம்பளம் தரான்?" என்று கேட்டார்.
மணல் எனக்குப் புதிதா? எங்கள் மைதானத்தில் குழியைச் சுற்றிப் புல்லே கிடையாது, எண்ணெய் விட்டு இறுக்கிய மணல்தான். காலடி பதியும். அதனால் பந்தைத் தள்ளும் முன் அது போகும் வழியைத் தடவிச் சமன் செய்துகொள்ளலாம். மலையில் புல். அங்கே வழியைக் கையால் தடவினால் அந்தக் குழி எதிராளிக்கு. தெரியும். எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 19, வியாழன்
மலைக்கு வந்துவிட்டேன். குளிர். நாளை ஆட்டம் — எதிராளி ராமநாதபுரம் பக்கத்து முகம்மது கனி.

ஏப்ரல் 20, வெள்ளி
போச்சு.
கடைசிக் குழி வரை சமம். கனி தவறவிட்டார். என் பந்து குழிக்கு நாலு அடியில். உள்ளே போட்டால் வேலை எனக்கு. குனிந்தேன் — இடது கை தானாகப் போய்ப் புல்லைத் தடவிவிட்டது. சனியன் புடிச்ச கை! யாரு தடவச் சொன்னா? நடுவர் துரை தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.
கனி தோளைத் தொட்டார். "எங்க பக்கமும் மணல்தான் தம்பி. எனக்கும் கை துறுதுறுன்னுச்சு. அதான் குனியறதுக்கு முன்னாடியே கையைக் கால்சட்டைப் பைக்குள்ள விட்டுக்கிட்டேன்."
அந்த மனுஷனை வெறுக்கக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 23, திங்கள்
பொன்னுத்தாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், கனியின் பை வரைக்கும்.

மே 7, திங்கள்
ஒர்க்‌ஷாப். அரம், இரும்பு, இரைச்சல். மாமனார் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொடுத்தார். என் பங்கைப் பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டேன்.

ஜூன் 1, வெள்ளி
செக்ரட்டரி துரை ஆள் அனுப்பினார். சென்னையில் ஒரு கிளப்பில் ஆள் எடுக்கிறார்களாம். அங்கேயும் புல். வரவில்லை என்று சொல்லியனுப்பினேன். வாக்குக் கொடுத்தாயிற்றே! அதையே பொன்னுத்தாயிடமும் கத்தினேன்.

ஜூன் 3, ஞாயிறு
பெட்டியில் துண்டு தேடினேன். பந்தடிக்கப் போட்டுக்கொள்ளும் பழைய கால்சட்டை துவைத்து மடித்து மேலாக இருந்தது. அதற்குப் பையே கிடையாது. இப்போது இடது பக்கம் ஒன்று தைத்திருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டைத் தாண்டிப் போனது.
அடுப்படியிலிருந்து பொன்னுத்தாய் குரல் கொடுத்தாள். "ஆழம் போதுமாங்க?"